அம்பையின் கதையும் எங்கள் உவமையும்

சென்ற மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று மாலை, ஒரத்தநாட்டில் எங்கள் வாசகர் வட்டம் வழக்கம்போல் கூடியது. வட்டம் என்பது கொஞ்சம் பெரிய சொல். மொத்தம் ஆறு பேர். யாராவது ஒருவருக்கு வயலிலோ வீட்டிலோ வேலை வந்துவிட்டால் ஐந்து பேர். கூடும் இடம் நண்பர் ஒருவருடைய வீட்டு மொட்டைமாடி. முன்பெல்லாம் பக்கத்துத் தோப்பின் தென்னைகள் மாடிமேல் சாய்ந்து நிழல் கொடுக்கும். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் அந்தத் தோப்பைப் படுக்கவைத்த பிறகு, வெயில் முற்றிலும் தாழ்ந்தால்தான் கூட்டம். மாதம் ஒரு சிறுகதை. ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்போம். பிறகு பேச்சு, நடுவில் தேநீர். இவ்வளவுதான் எங்கள் இலக்கியப் பணி.

குழந்தைப் பருவத்தைச் சொல்லும் கதைகளை வரிசையாக வாசிப்பது என்று இவ்வாண்டு முடிவு செய்திருந்தோம். எங்கள் மண்ணின் எழுத்தாளர் என்ற உரிமையோடு தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ கதையில் தொடங்கினோம். ரயிலில் வேலைக்காரியாகக் கொண்டுபோகப்படும் சிறுமியிடம் ஒரு சிறுவன் ஆரஞ்சுப் பழத்தை நீட்டும் கதை. அடுத்த மாதம் கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’. இரண்டு நாளும் மனம் நிறைந்து, கண் கசிந்து வீடு திரும்பினோம். குழந்தைகள் நல்லவர்கள், உலகம்தான் அவர்களைக் கெடுக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். மூன்றாவதாக வந்ததுதான் அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’. அன்று அப்படித் திரும்ப முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைச் சொல்லவே இந்தப் பதிவு.

கதையை இன்னும் வாசிக்காத நண்பர்களுக்காகச் சுருக்கமாக: எழுபதுகளின் தொடக்கத்தில் எழுதப்பட்டு, 1976இல் ‘சிறகுகள் முறியும்’ தொகுப்பில் இடம்பெற்ற கதை இது. கதை சொல்பவள் பதின்மூன்று வயதுப் பெண். கறுப்பு நிறம். தொடக்கம் முழுவதும் அவளுக்குத் தன் தாயைப் பற்றிய நினைவுத் துணுக்குகள். பவழமல்லி மரம், தீபாவளிக்குத் தைக்கும் சாட்டின் பாவாடை, எண்ணெய்க் குளியல், தீயின் முன் ஒளிரும் தாயின் முகம். தான் மட்டும் ஏன் கறுப்பு என்று குழந்தை கேட்டால், அவளுடைய அழகு யாருக்கு வரும் என்று தேற்றுகிறவள் அந்தத் தாய். அவள் ஊரில் இல்லாத நாள்களில், ராது என்ற உறவுப் பெண்ணைப் பெண்பார்க்க வருகிறார்கள் என்று உதவிக்குப் போயிருக்கும்போது, குழந்தை பூப்படைகிறாள். நடந்தது என்னவென்று அவளுக்கு யாரும் விளக்குவதில்லை. அம்மா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள். அம்மா வருகிறாள். வந்தவள் அணைக்கவில்லை, இதற்குள் இதற்கு என்ன அவசரம், இதுவும் ஒரு பாரமா என்ற பொருள்படக் கடிந்துகொள்கிறாள். ராதுவைக் கறுப்பு என்று சொல்லி வந்தவர்கள் வேண்டாமென்றுவிட்டார்கள் என்பது அதன்பின் தெரியவருகிறது. கதை கிட்டத்தட்ட அங்கேயே முடிகிறது.

அன்று வாசித்தது எங்களில் தமிழ் முதுகலை படித்த நண்பர். முடித்ததும் மொழியைப் பற்றித்தான் முதலில் பேசினோம். வாசகர் வட்டங்களுக்கே உரிய பழக்கம் இது. சுடும் பொருளை நேராகத் தொடாமல் மொழி என்னும் துணியால் பிடித்துத் தூக்குவது. தாயைத் தீயாக உருவகிப்பது எத்தனை துணிவானது என்றோம். தொடக்கத்தில் அழுக்கை எரித்துத் தூய்மை செய்யும் தீ, கடைசியில் மொட்டையும் மலரையும் கருக்கும் தீயாகத் திரும்புவதை வியந்தோம். கருகுதல் என்னும் சொல்லுக்குள்ளேயே கருமை இருப்பதை ஒருவர் சுட்டினார். நல்ல கவனிப்பு என்று பாராட்டினோம்.

பிறகு இன்னொருவர் சொன்னது பேச்சைத் திருப்பியது. கதையில் ஒளியும் நிறமும் மணமும் ததும்பும் வாக்கியங்கள் எல்லாமே அன்பின் பகுதியில்தான் இருக்கின்றன, கவனித்தீர்களா என்றார் அவர். கொலை செய்யும் அந்தப் பேச்சில் ஓர் உவமைகூட இல்லை. தாய் சொல்வது அடுக்களையில் அன்றாடம் புழங்கும் சாதாரணத் தமிழ். ராதுவின் வாழ்க்கை ‘கறுப்பு’ என்ற ஒற்றைச் சொல்லில் முடிகிறது. அதைச் சொல்கிறவர்கள் யாரும் குரலை உயர்த்தியதாகக்கூடத் தெரியவில்லை. கதையின் வலிமை அதன் உருவகங்களில் இல்லை, அவை வற்றிப்போகும் இடத்தில் இருக்கிறது என்பது அவர் வாதம். எங்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கொல்லும் சொல் எளிய சொல், அழகான சொல் அன்பின் சொல் என்று ஒரு சூத்திரமே கிடைத்துவிட்டதாக மகிழ்ந்தோம்.

அதுவரை ஒன்றும் பேசாமலிருந்த தோழி அப்போதுதான் சொன்னார்: “எனக்கு அப்படி இல்லை. என்னைக் கொன்னது நல்ல உவமைதான்.”

இங்கே சற்று நின்று சொல்லவேண்டிய செய்தி ஒன்று உண்டு. எங்கள் ஆறு பேரில் நால்வர், இந்த ஊர்ப்பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். தோழியும் அந்த நால்வரில் ஒருவர். இப்போது ஒரு வங்கியில் பணிபுரிகிறார். வட்டம் தொடங்கிய நாளிலிருந்து, ஆறு ஆண்டுகளாக, எங்களோடு உட்கார்ந்து கதை கேட்டு வருபவர்.

1993-94 கல்வியாண்டு. எட்டாம் வகுப்பு. தமிழ்ப் பாடவேளையில் உவமையணி நடந்துகொண்டிருந்தது. மலர் போன்ற முகம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்ட ஆசிரியர், புத்தகத்தில் இருப்பதைச் சொல்லவேண்டாம், உங்கள் கண்ணால் பார்த்ததை வைத்து ஆளுக்கோர் உவமை சொல்லுங்கள் என்றார். இன்று நினைத்தால் எத்தனை நல்ல பயிற்சி! நாற்றுபோல் பச்சை, புது ஆற்று மதகுபோல் இரைச்சல் என்று வந்துகொண்டிருந்தது. கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கம் புது ஆறு என்றுதான் சொல்வோம். அப்போது எங்களில் ஒருவர் எழுந்து, மூன்றாம் பெஞ்சிலிருந்த ஒரு மாணவியைக் காட்டி, நெல் அவிக்கிற அண்டாவின் அடிமாதிரி கறுப்பு என்றார்.

வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். சிரித்துவிட்டு, கண்ணால் கண்டதைச் சொல்லியிருக்கிறான், நல்ல உவமை என்று பாராட்டினார். அதற்குப் பிறகு பத்தாம் வகுப்பு முடியும்வரை அந்த மாணவிக்கு ‘அண்டா’ என்றே பெயர்.

மொட்டைமாடியில் இதைத் தோழி சொல்லிமுடிக்கும்வரை எங்களுக்கு அது நினைவே இல்லை. பட்டப்பெயர் மங்கலாக நினைவிருந்தது; அது எங்கிருந்து முளைத்தது என்பது மறந்துபோயிருந்தது. எய்தவருக்கு மறந்துவிடும், தைத்தவருக்கு மறக்காது என்பது பழைய உண்மைதான். ஆனால் தோழி அதைச் சொல்வதற்காகப் பேசவில்லை. அவர் தொடர்ந்தார்:

“அந்த அண்டா எங்க வீட்டுது. எங்க அம்மாதான் கூலிக்கு நெல் அவிக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில பார்த்திருப்பீங்க. அண்டாவோட உள்பக்கத்தைத்தான் தேய்ப்போம். அடியை யாரும் தேய்க்கமாட்டோம். கரி இருந்தாத்தான் சீக்கிரம் சூடேறும்னு அம்மா சொல்லும். அன்னிக்கு சாயங்காலம் நான் செங்கப்பொடியும் சாம்பலும் எடுத்துக்கிட்டு அடியைப் போட்டுத் தேய்ச்சேன். அடியை எதுக்குடி தேய்க்கிறேன்னு அம்மா கேட்டுச்சு. பதில் சொல்லலை. மறுநாள் அடுப்புல ஏத்துனா திரும்பவும் கரிதானே. மறுபடி தேய்ச்சேன். ரொம்ப நாள் தேய்ச்சேன்.”

தேநீர் ஆறிப்போயிருந்தது. யாரும் எடுக்கவில்லை.

கொஞ்ச நேரங்கழித்து அவர் கதைக்கே திரும்பினார். அம்பை கதையின் தாயைக் கொடியவள் என்று நாங்கள் பேசியது அவருக்கு உடன்பாடில்லை. “அந்தம்மா எங்கேருந்து வருது? ஒரு கறுப்புப் பொண்ணை வேண்டாம்னு சொன்ன வீட்டுலேருந்து வருது. வந்து பார்த்தா, தன் வீட்டுலயும் ஒரு கறுப்புப் பொண்ணு பெரியவளா நிக்குது. பயம் வராதா? எங்க அம்மாவும் அப்படித்தான். திட்டும். திட்டறப்போ அது என்னைத் திட்டலை, வரப்போறவங்களைத் திட்டுதுன்னு எனக்கு முப்பது வயசுக்கு மேலதான் புரிஞ்சுது.” தாய் கொலை செய்தாள் என்பதோடு எங்கள் வாசிப்பு நின்றுவிட்டது. அவள் கையில் கத்தியைக் கொடுத்து அனுப்பியவர்களை, பெண்பார்க்க வந்துபோன அந்த முகமற்றவர்களை, நாங்கள் ஒருமுறைகூடக் குறிப்பிடவில்லை.

அன்றிரவுக்குப் பிறகு எங்களுக்குள் நெடுநாள் பேச்சு நடந்தது. அதில் தேறியவற்றை மட்டும் இங்கே வைக்கிறோம்.

முதலாவது, அந்த உவமை நல்ல உவமையா என்ற கேள்வி. இலக்கியக் கூட்டங்களில் நாங்கள் வலியுறுத்துகிற இலக்கணம் எல்லாம் அதில் இருக்கிறது. தேய்ந்த உவமை அன்று, மண்ணிலிருந்து எடுத்தது, கண்ணால் கண்டது, கேட்டவுடன் காட்சி எழுகிறது. காக்கை, அடுப்புக்கரி, தார் என்று ஊரார் வழக்கமாகச் சொல்லும் வசைகளைவிடக் கூர்மையானது. கூர்மையாக இருந்ததால்தான் ஒட்டிக்கொண்டது. எங்களில் சிலர் பிற்காலத்தில் நாலு வரி எழுதக் கற்றுக்கொண்டோம் என்றால், அதன் முதல் கைதட்டல் அந்த வகுப்பறையில்தான் கிடைத்தது. மொழியின் உயிர்ப்பு என்று நாங்கள் கொண்டாடுவது நல்லதன் பக்கம் மட்டுமே நிற்கும் என்று எங்களுக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. நாங்களாக நம்பிக்கொண்டோம்.

இரண்டாவது, அந்தச் சிரிப்பில் நிறம் மட்டுந்தானா இருந்தது என்பது. அந்த மாணவி எந்தத் தெருவிலிருந்து வருகிறாள், அவள் தாய் யார் வீட்டு நெல்லை அவிக்கிறாள் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எங்களிலும் கறுத்தவர்கள் உண்டு. நடவும் அறுப்புமாக வெயிலில் நிற்கிற ஊரில் வெளுத்தவர்கள் எத்தனை பேர்? ஆனால் உவமை எங்கள்மேல் பாயவில்லை. வாய்விட்டுச் சொல்லக்கூடாத ஒன்றை, சொல்லக்கூடிய ஒன்றின் பெயரால் சொல்லிச் சிரித்தோம். பாமாவின் ‘கருக்கு’ (1992) நூலில் இதற்கு மறுபக்கம் ஒன்று வருகிறது. பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிறுமி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வீட்டில் போய்ச் சொன்னதும், தீட்டு என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் அப்படித் தூக்கிப்போகிறார் என்று அண்ணன் விளக்குகிறான். அத்தோடு அவள் சிரிப்பு நின்றுபோகிறது. எங்களுக்கு அப்படி விளக்க ஒருவரும் வரவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை.

மூன்றாவது, எங்களுக்கு அந்தச் சொல்லே தெரியாது என்று தப்பிக்கவும் வழியில்லை. அதே கல்வியாண்டில்தான் நெல்சன் மண்டேலாவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1994 மே மாதத்தில் அவர் குடியரசுத் தலைவரானார். நிறவெறி என்ற சொல்லை ஆசிரியர்கள் வகுப்பில் சொன்னார்கள். 1893இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் காந்தியடிகள் இறக்கிவிடப்பட்டதை மனப்பாடம் செய்து, பிழையில்லாமல் எழுதி, மதிப்பெண் வாங்கினோம். வாங்கிய கையோடு இடைவேளையில் ‘அண்டா’ என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினோம். நிறவெறி என்பது வெள்ளைக்காரர்கள் செய்வது, ரயிலில் நடப்பது, தென்னாப்பிரிக்காவில் இருப்பது.

அம்பை தன் கதையை எழுதிய காலத்தை ஒட்டி, 1970இல், அமெரிக்காவில் டோனி மாரிசனின் முதல் நாவல் வெளிவந்தது. நீலக் கண்கள் கிடைத்துவிட்டால் எல்லோரும் தன்னை நேசிப்பார்கள் என்று நம்பும் பெக்கோலா என்ற கறுப்பினச் சிறுமியின் கதை அது. அந்த நாவல் பள்ளிக்கூட வாசிப்புப் புத்தகத்தின் நடையில் தொடங்குகிறது என்பதை எங்களில் அதை வாசித்தவர் நினைவூட்டினார். அழகான வீடு, அன்பான தாய் தந்தை, சிரிக்கும் குழந்தைகள் என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டே போகும். பிறகு அதே வாக்கியங்கள் நிறுத்தக்குறியின்றி, இடைவெளியின்றி நெரிந்துபோகும். இரண்டு எழுத்தாளர்கள், இரண்டு கண்டங்கள். இரு கதைகளிலும் ஒரு சிறுமி தன் தோலைப் பற்றிய தீர்ப்பை வீட்டுக்குள்ளேயே கேட்கிறாள். மாரிசனின் பாடப்புத்தகத்தைப் போல எங்களுக்கு ஒரு கரும்பலகை.

தமிழ் முதுகலை நண்பர் இன்னொன்று சொன்னார். சங்கப் பாடல்களில் தலைவியின் அழகிய நிறத்துக்குப் பெயர் மாமை, மாந்தளிரின் மேனி. தலைவன் பிரிந்தால் அவள்மேல் படரும் வெளிறல் பசலை. அங்கே வெளுப்பு ஒரு நோய். நிறம் மீள்வதுதான் நலம். எங்கள் ஊரில் இன்றைக்கும் மேகம் கறுத்தால்தான் முகம் மலரும். இத்தனை இருந்தும், மணமகள் தேவை விளம்பரத்தில் சிவந்த நிறம் என்று போடுகிறோம். 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘க்ளோ’ என்று மாற்றிக்கொண்டது. பெயர்ப்பலகை மாறியது, கண்ணாடிமுன் நிற்கும் பெண்ணின் மனக்கணக்கும் மாறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம்தான் கேட்கவேண்டும். நண்பர் இதையெல்லாம் உற்சாகமாகச் சொல்லிவந்தபோது தோழி குறுக்கிட்டு, “மாமையெல்லாம் சரி. எட்டாம் வகுப்புல அந்தச் சாரு இதைச் சொல்லியிருக்கலாமே” என்றார். நண்பர் மேற்கொண்டு பேசவில்லை.

இந்தப் பதிவை எழுதலாமா என்று தோழியிடம்தான் முதலில் கேட்டோம். எழுதுங்கள், ஆனால் வெளியிடுமுன் காட்டுங்கள் என்றார். முதல் வரைவை அனுப்பினோம். அதில், ‘நாங்கள் அவளை அப்படி அழைத்தோம், இன்று அதற்காக வெட்கப்படுகிறோம்’ என்று எழுதியிருந்தோம். அன்றிரவே அவர் தொலைபேசியில் கேட்டார்: “இந்த நாங்கள்ல நான் இருக்கேனா?”

எங்களுக்குப் பதில் வரவில்லை. எங்கள் மொழியில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, விலக்கிவைத்தால் ‘நாங்கள்’. ஆறாண்டுகள் ஒரே பாயில் உட்கார்ந்து நாம், நாம் என்று பேசிவந்த பிறகு, அவரைப் பற்றி எழுத நேர்ந்தபோது எங்களையறியாமல் ‘நாங்கள்’ வந்து விழுந்திருக்கிறது. மூன்றாம் பெஞ்சு இன்னும் அங்கேயே கிடக்கிறது. இதை ஒப்புக்கொண்டோம். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு இன்னொரு திருத்தமும் சொன்னார்: “நாங்கள் சொன்னோம்னு போடாதீங்க. சொன்னது ஒருத்தர். மத்தவங்க சிரிச்சாங்க. ரெண்டையும் ஒண்ணாக் கலந்தா, சொன்னவருக்கும் நல்லதில்லை, சிரிச்சவங்களுக்கும் நல்லதில்லை.”

ஆகவே தெளிவாகப் பதிவு செய்கிறோம். அண்டாவின் அடி என்று சொன்னவர் ஒருவர். இதைத் தட்டச்சு செய்வதும் அவரே. உடன் படித்த மற்ற இருவர் சிரித்தவர்கள். மீதி இருவர் வேறு ஊர்களில், வேறு வகுப்பறைகளில் சிரித்தவர்கள் என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். மன்னிப்புக் கேட்டோமா என்றால், கேட்டோம். தனித்தனியாகக் கேட்டோம். “சரி, விடுங்க” என்றார். அந்த இரண்டு சொற்களுக்கு என்ன பொருள் என்று ஆராய்ந்து எழுதும் உரிமை எங்களுக்கு இல்லை.

திருத்திய வரைவைப் படித்துவிட்டு, தன் தாயைப் பற்றிய பகுதியில் மட்டும் ஒரு சொல்லை மாற்றச் சொன்னார். அம்மா நெல் ‘வேக வைப்பார்’ என்று எழுதியிருந்தோம். நெல்லை அவிப்பதுதான், வேக வைப்பதில்லை என்றார். மாற்றிவிட்டோம்.

அடுத்த மாதக் கதையைத் தேர்ந்தெடுக்கும் முறை அவருடையது. எந்தக் கதை என்று இன்னும் சொல்லவில்லை. தானே வாசிப்பதாக மட்டும் சொல்லியிருக்கிறார்.